எதிர்க்கட்சிக்காரருக்கு லியோனா கொடுத்த ஆதரவு

லியோனா கிரெனியர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வாரத்தில் ஓரிரு நாள் பேருந்தை வேறொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, கான்கார்டு போய் மாநிலச் சட்டமன்றத்தில் உட்காருவாள். எங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. சட்டமன்றத்தில் நானூறு பேர். கொடுக்கிற சம்பளம் பெட்ரோலுக்கே காணாது. அதனால் பால் பண்ணைக்காரர், பல் டாக்டர், முடி வெட்டுகிறவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று மனசும் நேரமும் உள்ளவர்கள் போய்வருவார்கள்.

லியோனா குடியரசுக் கட்சி. அவளுடைய அப்பாவும் அதே கட்சி. ஆனால் அவள் கட்டிக்கொண்டது நார்ம் கிரெனியரை. அவன் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தொழிற்சங்கத்து ஆள், அசைக்க முடியாத ஜனநாயகக் கட்சிக்காரன். தேர்தல் வந்தால் அவர்கள் வீட்டு வாசலில் இந்தப் பக்கம் ஒரு கட்சிப் பலகை, அந்தப் பக்கம் இன்னொரு கட்சிப் பலகை. புல் வெட்டும்போது நார்ம் அவளுடைய பலகையைச் சுற்றி மட்டும் வெட்டாமல் விடுவான். புல் வளர்ந்து வேட்பாளர் பெயரை மறைக்கும். அவள் சமையலறைக் கத்தரிக்கோலோடு வந்து மண்டியிட்டு வெட்டிவிட்டுப் போவாள். இப்படியே இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள்.

நான் வெய்ன் ஸ்டிக்னியின் கடையில் கல்லாவில் இருக்கிறேன். மரப்பலகை, ஆணி, பெயின்ட், பனி வாரும் மண்வெட்டி எல்லாம் விற்கிற கடை. வெய்ன்தான் எங்கள் ஊர்க் குடியரசுக் கட்சித் தலைவன். லியோனாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவளை முதன்முதலில் சட்டமன்றத்துக்கு நிற்கவைத்ததும் அவன்தான். அதனால் நடந்ததில் பாதியை நானே பார்த்தேன். மீதியை லியோனா சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டதை நார்ம் சொன்னான்.

ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைப் பொறுக்கி எடுக்க முதல்நிலைத் தேர்தல் நடத்தும். எங்கள் மாநிலத்தில் அது சீக்கிரமே வந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கே திரும்பினாலும் ஒரு வேட்பாளர் கை நீட்டிக்கொண்டு நிற்பார். காப்பி குடிக்கப் போனால் ஒருவர், குப்பை கொட்டப் போனால் இன்னொருவர். ஒரு கட்சியில் பெயர் கொடுத்தவர் அந்தக் கட்சியின் சீட்டில் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். இரண்டு கட்சியிலும் பெயர் கொடுக்காதவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்கள் அன்றைக்கு எந்தக் கட்சியின் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம். அவர்களை இழுக்கத்தான் இத்தனை அமளி. உள்ளூரில் பெயருள்ள ஒருவர் 'என் ஆதரவு இவருக்கு' என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு. எதிர்க்கட்சியில் இருக்கிறவரே வந்து சொன்னால் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு ஓடி வருவார்கள்.

ஒரு சாயங்காலம் லியோனா வீட்டில் போன் அடித்தது. அவள் அடுப்பில் கோழி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நார்ம் எடுத்தான்.

"வணக்கம், நான் கவர்னர் ஹால்வர்சன் பேசறேன்."

"அப்படியா? நான் போப்பாண்டவர் பேசறேன். என்ன வேணும்?"

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. "உங்க ஆசீர்வாதம் வேணும் சாமி. அதுக்கு முன்னாடி லியோனா கிரெனியரோட கொஞ்சம் பேசணும்."

நார்ம் போனை ஏதோ சுட்டுவிட்டதுபோல நீட்டினான். மேற்கே சமவெளி மாநிலம் ஒன்றின் ஆளுநர், ஜனநாயகக் கட்சி, ஜனாதிபதி பதவிக்கு நிற்கிறவர். நார்முக்கு அவரைப் பிடிக்காது. அவனுடைய ஆள் வேறு; தொழிற்சங்கங்கள் ஆதரித்த ஒரு செனட்டர்.

ஹால்வர்சன் அவளைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். அதற்கு அடுத்த ஜனவரியில் லியோனாவின் மகள் சிலெஸ்டுக்கு வலி எடுத்தது. மருமகன் வடக்கே மரம் வெட்டும் வேலையில் இருந்தான். தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக லியோனாதான் காரை எடுத்தாள். கணவாய்ச் சாலை முழுக்கப் பனி. இத்தனை வருடம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் ஓட்டியவளாலேயே அன்றைக்கு வேகமாகப் போக முடியவில்லை. பாதி தூரம்கூடப் போகவில்லை. மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் காரை நிறுத்தி, பின் இருக்கையில் குழந்தையைத் தன் கையாலேயே ஏந்தினாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அவள் விரலை விட்டு எடுத்துவிட்டாள். குழந்தை அழவில்லை. முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள், கர்த்தரைக் கூப்பிட்டாள், திட்டவும் செய்தாள். அப்புறம்தான் அழுதது. ஜோஸ்லின் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அது வீட்டில் ஒரு பாத்திரத்தை விடுவதில்லை, எல்லாவற்றையும் தட்டுகிறது.

பிரசவப் பிரிவை மூடுகிற ஆஸ்பத்திரிகள் அவசரத்துக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்களையும் ஓர் ஆம்புலன்ஸையும் வைத்திருக்க வேண்டும் என்று லியோனா ஒரு மசோதா கொண்டுவந்தாள். அது கமிட்டியிலேயே கிடந்தது. இரண்டு கட்சியிலும் தலையாட்டினார்கள், ஒருவரும் நகரவில்லை. ஹால்வர்சன் தன் மாநிலத்தில் அதேபோல ஒன்றைச் சட்டமாக்கியிருந்தார். யாரோ இவளைப் பற்றிச் சொல்ல, அவர் போன் செய்தார்.

"உங்க மசோதாவைப் படிச்சேன். எங்களோடதைவிட நல்லா இருக்கு. ஒரு இடத்துலதான் ஆஸ்பத்திரிக்காரங்க தப்பிச்சுப் போயிடுவாங்க. அதை எப்படி அடைச்சோம்னு சொல்லட்டுமா?"

சூப் தீயும் வரை பேசினார்கள். ஆதரவைப் பற்றி அவர் கடைசியில்தான் கேட்டார். "எனக்கு உங்க ஆதரவு வேணும். இல்லைன்னாலும் பரவாயில்ல, மசோதாவுக்கு என் ஆளுங்க உதவி செய்வாங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் லியோனா.

யோசிப்பது என்றால் அவளுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அந்தச் சமவெளி மாநிலத்துச் சட்டமன்றத்தில் தன் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஓர் அம்மாளைப் போனில் பிடித்தாள். கோதுமை விவசாயி. "உங்க கவர்னர் எப்படிப்பட்ட ஆளு?" என்று நேரடியாகக் கேட்டாள்.

"திட்டச் சொன்னா பொழுது போறவரைக்கும் திட்டுவேன்" என்றாள் அந்த அம்மாள். "வரி விஷயத்துல அவனும் நானும் அடிச்சுக்காத நாள் கிடையாது. ஆனா அந்தப் பிரசவச் சட்டத்துக்கு நாங்க ஓட்டுப் போட்டோம் பாருங்க, அதுக்கு என்ன வாக்குக் கொடுத்தானோ அதைச் செஞ்சான். பேரை எங்களுக்கு விட்டுக் கொடுத்தான். கையெழுத்துப் போடறப்ப எங்களை முன்வரிசையில நிக்க வெச்சான்."

மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டு லியோனா நேராக எங்கள் கடைக்கு வந்தாள். வெய்ன் பெயின்ட் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெய்ன், வேற யாரும் சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது. நான் ஹால்வர்சனை ஆதரிக்கப் போறேன்."

வெய்ன் டப்பாவை வைக்காமல் திரும்பினான். "எந்த ஹால்வர்சன்?"

"எத்தனை ஹால்வர்சன் இருக்கான்?"

"அவன் டெமாக்ரட், லியோனா!"

"தெரியும். போஸ்டர்லயே போட்டிருக்கு."

"உனக்கு என்ன ஆச்சு? நார்ம் ஏதாவது சாப்பாட்டுல கலந்துட்டானா?"

"நார்முக்கு இன்னும் தெரியாது. அவன் உன்னைவிட அதிகமாக் கத்துவான்."

வெய்ன் டப்பாவை அடுக்கின டப்பாக்கள் மேல் வைத்தான். முகம் சிவந்துபோயிருந்தது. "நம்ம கட்சியில நாலு பேர் நிக்கறாங்க. அதுல ஒருத்தனையாவது உனக்குப் பிடிக்கலையா?"

"நாலு பேருக்கும் மசோதாவை அனுப்பினேன். மூணு பேர் பதிலே போடல. ஒருத்தர் ஆபீஸ்ல இருந்து நன்கொடை கேட்டு மெயில் வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெய்ன் முறைத்த முறைப்பில் ரசீது சுருளைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"செப்டம்பர்ல சட்டமன்றத்துக்கு நம்ம கட்சிக்குள்ள நடக்கற தேர்தல்ல உன் சீட்டுக்கு எதிரா ஆள் நிறுத்துவேன்" என்றான் வெய்ன். "நான் சும்மா மிரட்டல. கட்சித் தலைவனா வேற வழி இல்ல எனக்கு."

"நிறுத்து. உன் வேலை அது. ஆனா நல்ல ஆளா நிறுத்து, வெய்ன். ஒண்ணுக்கும் உதவாதவன்கிட்ட நான் தோக்க மாட்டேன்."

அவள் போன பிறகு வெய்ன் அன்றைக்குப் பூரா ஒரு வாடிக்கையாளரோடும் ஒழுங்காகப் பேசவில்லை.

வீட்டில் நார்ம் உண்மையிலேயே அதிகமாகத்தான் கத்தினான். அவன் காரணம் வேறு.

"நாப்பது வருஷமா எங்க கட்சிக்கு வா, வான்னு கூப்பிட்டேன். வரல. இப்ப வந்ததும் வந்த, அந்த ஆளுக்கா வந்த? என் செனட்டருக்கு எதிரா?"

"நான் எங்கேயும் வரல. ரிபப்ளிகனாத்தான் இருக்கேன். கட்சி மாத்திப் பேர் குடுக்கறதுக்குக் கெடு அக்டோபர்லயே முடிஞ்சிடுச்சு."

நார்ம் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்படின்னா உன்னால அவனுக்கு ஓட்டே போட முடியாது!"

"முடியாது."

"உன் ஓட்டே இல்லாத ஆளுக்கு ஊரெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லப் போற!"

"நீதான் இருக்கியே. உன் ஓட்டை எனக்காக அவருக்குப் போடு."

"செத்தாலும் மாட்டேன்" என்றான் நார்ம். அதற்கப்புறம் அவன் கோபம் போய்விட்டது. இந்த விஷயத்தைக் காப்பிக்கடையில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு.

அறிவிப்புக் கூட்டத்தை ஊர் மன்றத்தில் வைத்தார்கள். ஹால்வர்சனின் பிரசார அலுவலகத்திலிருந்து பிரயோனி என்ற பெண் முன்கூட்டியே வந்தாள். மெல்லிய நகரத்துச் செருப்போடு பனியில் நின்றாள். லியோனா முதல் வேலையாகத் தன் மகளுடைய பழைய பூட்ஸை அவளுக்கு மாட்டிவிட்டாள். பிரயோனி பேச்சு எழுதிக் கொண்டுவந்திருந்தாள். லியோனா அதை நின்றபடியே படித்தாள்.

"இதுல என் கட்சி வழி தவறிப்போச்சுன்னு எழுதியிருக்கு."

"ஆமா மிஸஸ் கிரெனியர். அந்த வரியைத்தான் டிவியில போடுவாங்க."

"அதனாலதான் அதை நான் சொல்ல மாட்டேன்."

"ஆனா இந்தப் பேச்சோட பலமே..."

"கண்ணு, நான் இந்த ஊர்ல இருக்கணும். என் அப்பா அந்தக் கட்சியில இருந்துதான் செத்தார். என்னோட கூடப் படிச்சவன் அந்தக் கட்சியை நடத்தறான். உங்க ஆளு நல்லவர்னு சொல்ல வந்தேன். என் ஆளுங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல."

பிரயோனி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள், உள்ளே வந்தாள், மறுபடியும் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் ஹால்வர்சனே வந்துவிட்டார். உயரமான மனிதர், தொப்பியில் பனி. விஷயத்தைக் கேட்டார். அந்த வரி அவருக்குத் தேவை என்று எல்லோருக்கும் தெரியும். கருத்துக்கணிப்பில் அவர் மூன்றாவது இடத்தில் இருந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். தாடையைத் தேய்த்தார்.

"நல்ல வரிதான்" என்றார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "உங்க இஷ்டப்படி பேசுங்க, மிஸஸ் கிரெனியர்."

மன்றத்தில் நாற்காலிகள் நிறைந்து, சுவர் ஓரமும் ஆட்கள் நின்றார்கள். பேருந்தில் போய்வந்த பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர். பின்வரிசையில் வெய்ன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நார்ம், மார்பில் தன் செனட்டரின் வில்லையைக் குத்திக்கொண்டு.

லியோனா மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"நான் ரிபப்ளிகன். நாளைக்குக் காலையிலயும் ரிபப்ளிகன்தான். இந்த மனுஷனோட வரி விஷயத்துல எனக்கு ஒத்துவராது. துப்பாக்கிச் சட்டத்துலயும் ஒத்துவராது. அவருக்கு நான் ஓட்டுப் போடவும் முடியாது, அதை என் புருஷன் உங்க எல்லாருக்கும் ஏற்கெனவே சொல்லியிருப்பான்."

மன்றம் சிரித்தது. நார்ம் எழுந்து குனிந்து வணக்கம் போட்டான்.

"என் பேத்தி எங்கே பொறந்தான்னு உங்களுக்குத் தெரியும். அவ கழுத்துல இருந்து கொடியை எடுத்தப்ப, அந்தக் கார்ல எந்தக் கட்சியும் இல்ல. நான், என் பொண்ணு, பனி, அவ்வளவுதான். அடுத்த தடவை வேற யாராவது அங்க நிக்கக் கூடாது. அதுக்கு வேலை செஞ்ச ஆளு இவர். எங்க ஆளுங்களோட சேர்ந்து செஞ்சார், பேரை எங்க ஆளுங்களுக்குக் கொடுத்தார். எந்தக் கட்சியிலயும் பேர் குடுக்காதவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. இவர் சொல்றதைக் கேளுங்க. பிடிச்சா போடுங்க. பிடிக்கலைன்னா எங்க பக்கம் நாலு பேர் நிக்கறாங்க, அவங்களுக்குப் போடுங்க. வீட்டுல மட்டும் உக்காராதீங்க."

இதுதான் முழுப் பேச்சு. பிரயோனி கண்ணை மூடிக்கொண்டாள். தொலைக்காட்சியில் அந்த 'நாளைக்கும் ரிபப்ளிகன்தான்' என்பதை மட்டும் இரண்டு நாள் மாறி மாறிப் போட்டார்கள். கட்சித் தலைமையிலிருந்து வெய்னுக்குப் போன் மேல் போன். லியோனாவுக்கு யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் திட்டி எழுதினார்கள். பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிட வந்த ஒரு தகப்பன், "உன்னை நம்பி ஓட்டுப் போட்டேனே" என்று முகத்துக்கு நேரே கேட்டான். அன்றைக்கு மட்டும் அவள் கண் கலங்கினாள் என்று நார்ம் சொன்னான். அவன் ஒன்றும் கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டானாம்.

முதல்நிலைத் தேர்தலில் ஹால்வர்சனுக்கு மாநிலத்தில் மூன்றாம் இடம்தான். எங்கள் ஊரில் மட்டும் முதலிடம். நார்முடைய செனட்டர் மாநிலத்தை ஜெயித்தார். நார்ம் சொன்னபடியே செனட்டருக்குத்தான் போட்டிருந்தான். அதை மனைவியிடம் மறைக்கவும் இல்லை. லியோனா தன் கட்சியின் நாலு பேரில் யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த மாதக் கடைசியில் ஹால்வர்சன் போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

ஆனால் மசோதா நகர்ந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் தங்கள் தங்கள் உறுப்பினர்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிகள் தப்பிக்கிற அந்த ஓட்டையை ஹால்வர்சனின் ஆட்கள் சொன்ன மாதிரியே அடைத்தாள் லியோனா. வசந்தத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவு திரும்ப வரவில்லை. ஆனால் பேறுகாலச் செவிலியர் இரண்டு பேரும் எல்லாக் கருவிகளும் உள்ள ஓர் ஆம்புலன்ஸும் வந்தன. வந்த புதிதிலேயே பண்ணைக்காரர் ஒருவர் வீட்டு இரட்டைக் குழந்தைகள் அதன் தயவில் சுகமாகப் பிறந்தன.

செப்டம்பரில் வெய்ன் சொன்னதைச் செய்தான். நல்ல ஆளைத் தேடினான், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவனே நின்றான். இருவரும் ஒரே ஓட்டுச்சாவடி வாசலில், ஒரே மழையில், எதிரெதிரே பலகை பிடித்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் லியோனா தன் சாண்ட்விச்சில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவளைத் தோற்கடித்தான். அதிக வித்தியாசமில்லை, ஆனாலும் தோல்வி தோல்விதான்.

அந்த வாரம் ஹால்வர்சன் போன் செய்தார். இந்த முறை நார்ம் மரியாதையாகவே எடுத்தான்.

"என்னாலதானே உங்க சீட் போச்சு" என்றார் ஹால்வர்சன். "ரொம்ப வருத்தமா இருக்கு."

"நீங்களும்தான் தோத்தீங்க. அதுக்கு நான் உக்காந்து அழுதேனா?" என்றாள் லியோனா. "ஆம்புலன்ஸ் ஓடுது, கவர்னர். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

நவம்பர்ப் பொதுத்தேர்தலிலும் ஜெயித்து, வெய்ன் இப்போது கான்கார்டு போய்வருகிறான். கடையில் பாதி வேலை என் தலையில். சாலைப் பள்ளம், நாய் லைசென்ஸ், ஏரியில் படகு நிறுத்துகிற தகராறு என்று ஊர்ச் சனம் அவனை எந்நேரமும் போனில் பிடித்துக்கொள்கிறது. முதல் மாதத்திலேயே அவன் களைத்துப்போனான். ஒரு வெள்ளிக்கிழமை கல்லாவுக்கு எதிரே நின்று லியோனாவுக்குப் போன் போட்டான்.

"இந்தக் கமிட்டி நிதி விஷயம் ஒண்ணும் புரியல. இத்தனை வருஷம் நீ எப்படித்தான் சமாளிச்ச?"

அவள் என்ன சொன்னாளோ, வெய்ன் சத்தமாகச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போய் மேசையில் காகிதங்களைப் பரப்பினான். லியோனா ஒவ்வொன்றாக விளக்க, நார்ம் ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்து, ரிபப்ளிகன்கள் இரண்டு பேர் கணக்குப் பார்ப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று இடையிடையே கத்திக்கொண்டிருந்தானாம்.

நான் அவளிடம் ஒருமுறை கேட்டேன், சீட் போனதில் வருத்தமில்லையா என்று. பெயின்ட் வண்ணம் பார்க்க வந்திருந்தாள். ஜோஸ்லினுக்கு ஓர் அறை ஒழிக்கிறார்களாம்.

"முதல் ரெண்டு வாரம் இருந்துச்சு" என்றாள். "அந்த நாற்காலியில உக்காந்து பழகிடுச்சு இல்ல. இப்ப புதன்கிழமை மத்தியானம் வீட்டுல இருக்கேன். குட்டி தூங்கி எழுந்திருச்சதும் என் முகத்தைத்தான் பார்க்குது."

பிறகு இரண்டு மஞ்சள் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து, எது நல்லா இருக்கு என்று என்னைக் கேட்டாள். நான் வெளிர் மஞ்சளைச் சொன்னேன். அவள் மற்றதை எடுத்துக்கொண்டு போனாள்.